மணலில் பிரிக்கும் பங்கு: வேலைத்தலத்தில் ஊர்வழக்கின் இடம்



வேலைக்கு வருகிறவர்கள் மனம் ஒட்டி வேலை செய்வதில்லை என்ற முறைப்பாடு இன்று எல்லாப் பக்கத்திலிருந்தும் கேட்கிறது. ஆடைத் தொழிற்சாலைக்காரர் சொல்கிறார், ஹோட்டல்காரர் சொல்கிறார், அரசாங்கக் கந்தோரில் ஒரு பிரிவைப் பொறுப்பாக வைத்திருப்பவரும் சொல்கிறார். இதற்கு முகாமைத்துவப் படிப்பில் எழுதிக்கொடுக்கும் மருந்துகளும் கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் ஒன்றுதான். மாதத்தின் சிறந்த ஊழியருடைய படத்தைச் சட்டம் போட்டு வாசலில் மாட்டுவது, பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவது, வருடத்துக்கு ஒரு சுற்றுலா, எல்லாரையும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு. இவற்றைக் கேலி செய்வது சுலபம். ஆனால் இவற்றின் பின்னால் சரியான ஓர் ஊகம் இருக்கிறது: மனிதன் சம்பளத்துக்காக மட்டும் உழைப்பதில்லை, பக்கத்தில் நிற்பவன் என்ன நினைப்பான் என்பதற்காகவும், கூட்டத்தில் ஒருவனாக மதிக்கப்பட வேண்டும் என்பதற்காகவும் உழைக்கிறான். ஊகம் சரி, அதைக் கையாளுகிற விதம்தான் பிழைக்கிறது. வெட்கம், மரியாதை, முறை, உறவு ஆகிய ஊர்வழக்குகளை வேலைத்தலத்துக்குள் கொண்டுவரலாம். அவை நன்றாகவே வேலை செய்யும். ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. அந்த வழக்கு கீழே இருப்பவனைக் கட்டுவது போல மேலே இருப்பவனையும் கட்டவேண்டும். உழைப்பின் கணக்கு, உழைத்தவனுடைய கண்ணுக்கு முன்னால் தீர்க்கப்படவேண்டும். இந்த இரண்டும் இல்லாத இடத்தில் அதே வழக்குகள் விலங்காக மாறும் என்பதற்கும் நம்முடைய நாட்டிலேயே நூறு வருடச் சாட்சி இருக்கிறது.

முதலில் இந்தக் கிழக்குக் கரையிலிருந்தே தொடங்குகிறேன். இலங்கைத்துறை முகத்துவாரத்திலும் அதற்கு இரு பக்கத்துக் கரைகளிலும் கரைவலை பழைய தொழில். வாடைக்காற்றும் மழையும் ஓய்ந்து கடல் அடங்கியதும் மீன்பிடி வாடிகள் எழும். கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டு, தோணி வலையை வளைத்து இறக்கிக்கொண்டே போய், மறு தலைப்பைத் தூரத்தில் கரை சேர்க்கும். பிறகு இரண்டு அணியாக நின்று இழுக்கவேண்டும். குதிகாலை மணலில் ஊன்றி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, ஓர் அடி, இன்னும் ஓர் அடி என்று பின்னால் போகவேண்டும். கயிற்றின் கடைசிக்குப் போனவர் அதை விட்டுவிட்டு முன்னால் நடந்து வந்து தண்ணீரோரத்தில் மறுபடி பிடிப்பார். மணித்தியாலக் கணக்கில் போகும் இந்த வேலையில் யாருக்கும் மேற்பார்வையாளர் இல்லை. தேவையும் இல்லை. ஒருவர் கையைத் தளர்த்தினால் அது முதலில் தெரிவது அவருக்குப் பின்னால் நிற்பவருடைய உள்ளங்கைக்கு; சொல்வதும் அவர்தான். இழுப்பை ஒரே நேரத்தில் விழவைப்பது அம்பாப் பாட்டு. ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாட, அந்தத் தாளத்தில் இருபது முப்பது பேருடைய பாரம் கயிற்றில் ஒன்றாக விழுகிறது. பாட்டில் பகிடியும் இருக்கும், பக்கத்து வாடிக்காரனுக்கு ஏச்சும் இருக்கும், வலைச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு ஒரு குத்தும் இருக்கும். முதலாளியைக் குத்த இடம் கொடுக்காத பாட்டு கயிறு இழுக்க உதவாது என்று நினைக்கிறேன்.

வலையின் மடி கரைக்கு வந்ததும் நடப்பதுதான் என் வாதத்துக்கு முக்கியம். சாளையோ சூடையோ நெத்தலியோ, பட்ட மீன் எவ்வளவு என்பது இழுத்த எல்லாருக்கும் அந்த இடத்திலேயே தெரியும். வியாபாரி கேட்கும் விலையும் எல்லாருடைய காதிலும் விழும். செலவு கழித்து, வலைக்கும் தோணிக்கும் இவ்வளவு, ஆட்களுக்கு இவ்வளவு என்ற முறை இடத்துக்கு இடம் வேறுபடலாம். ஆனால் முறை என்ன என்பது கயிறு பிடிக்க வந்த சிறுவனுக்குக்கூடத் தெரியும். வழியில் போனவர் ஒரு கை கொடுத்திருந்தால் கறிக்கு மீன் கிடைக்கும். மீன் படாத நாளில் சம்மாட்டிக்கும் இல்லை, ஆளுக்கும் இல்லை. உழைப்பு, விளைவு, விலை, பங்கு என்ற நான்கும் ஒரே மணலில், ஒரே காலைக்குள், எல்லாருடைய கண்ணுக்கும் முன்னால் நடந்து முடிகின்றன. தொழிற்சாலையில் இந்த நான்கும் நான்கு வெவ்வேறு அறைகளில், சில சமயம் நான்கு வெவ்வேறு நாடுகளில் நடக்கின்றன. ஊழியருடைய ஈடுபாடு எங்கே தொலைந்தது என்று தேடுகிறவர்கள் அந்த அறைகளுக்கு இடையில் தேடிப் பார்க்கலாம்.

சம்பளத்தை ஒழுங்காகக் கொடுத்தால் போதாதா, இதற்குள் வழக்கையும் மரியாதையையும் ஏன் இழுக்கிறீர்கள் என்று கேட்கலாம். வேலைத்தலத்தில் வழக்கு வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிக்கிற உரிமை முகாமையாளருக்கு இல்லை என்பதுதான் என் பதில். நாலு பேர் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கினால் வழக்கு தானாக முளைத்துவிடும். சிக்காகோ நகருக்குப் பக்கத்தில் இருந்த ஹோதோர்ன் தொழிற்சாலையில், 1931 நவம்பர் முதல் 1932 மே வரை, தொலைபேசிக் கருவிகளுக்குக் கம்பி இணைக்கும் 14 ஆண்களைத் தனி அறையில் வைத்து ஆராய்ச்சியாளர்கள் கவனித்தார்கள். கூட்டாக அதிகம் செய்தால் கூட்டாகப் பணம் அதிகம் கிடைக்கும் என்பதே அங்கிருந்த சம்பள முறை. அப்படியிருந்தும் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அவர்களுக்குள்ளே ஓர் அளவு இருந்தது. அதற்கு மேல் வேகமாகப் போனவருடைய தோளில் பக்கத்தில் இருப்பவர் ஒரு குத்து விடுவார். அளவுக்குக் கீழே சோம்பியவருக்கும் ஏச்சு விழும். கூடுதலாகச் செய்து காட்டினால் கம்பனி துண்டுக் கூலியைக் குறைத்துவிடும், இல்லையென்றால் ஆட்களை நிறுத்திவிடும் என்ற பயம் அந்த அளவுக்குப் பின்னால் இருந்தது. உலகப் பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்த காலம் அது. அந்தப் பயத்தை முட்டாள்தனம் என்று சொல்ல முடியாது. இதற்கு நேர் எதிரான சாட்சியும் அமெரிக்காவிலேயே உண்டு. ஜோர்ஜ் ஹோமன்ஸ் என்ற சமூகவியலாளர் ஒரு கம்பனியின் கணக்குப் பிரிவில் வாடிக்கையாளர் அட்டைகளில் கட்டணம் பதியும் பத்து இளம் பெண்களைப் பற்றி எழுதினார். மணிக்கு 300 அட்டை என்பது கம்பனி வைத்த அளவு. அவர்கள் சராசரியாக 353 செய்தார்கள். கூடுதலாகச் செய்தவருக்குக் கூடுதல் சம்பளம் கிடையாது. பொருளியலாளர் ஜோர்ஜ் அக்கர்லொஃப் 1982இல் இந்தக் கணக்கை எடுத்துவைத்து, தொழில் ஒப்பந்தத்தில் விலையோடு கொடையும் கைமாறும் என்று வாதிட்டார். கல்யாண வீட்டு மொய்க் கொப்பியைப் பார்த்து வளர்ந்த நமக்கு அதை விளங்கிக்கொள்ளப் பொருளியல் தேவையில்லை. ஓர் இடத்தில் வழக்கு முதலாளிக்கு எதிராக நின்றது, மற்ற இடத்தில் முதலாளிக்குச் சாதகமாக நின்றது. இரண்டு இடத்திலும் அது இருந்தது.

இனி நம்முடைய நாட்டின் இருண்ட சாட்சிக்கு வருகிறேன். உறவையும் ஊர்வழக்கையும் தொழில்முறைக்குள் முழுவதுமாகக் கொண்டுவந்த முகாமைத்துவ ஏற்பாடு இலங்கையில் ஒன்று இருந்ததென்றால் அது கங்காணி முறைதான். கோப்பிக் காலத்தில் தொடங்கி, தேயிலைக் காலத்தில் விரிந்து, மலையகத்தின் மேல் பல தலைமுறை கவிந்திருந்தது அது. கங்காணி வெளியார் இல்லை. தமிழ்நாட்டில் தன் ஊரிலும் அயலூரிலும் போய், தன் சாதிசனத்தையும் தெரிந்தவரையும் திரட்டி வந்தவர். பெரிய கங்காணிக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள், அவர்களுக்குக் கீழே குடும்பம் குடும்பமாக ஆட்கள். கல்யாணத்தைப் பேசி முடிப்பது, லயத்துச் சண்டையைத் தீர்ப்பது, மாரியம்மன் திருவிழாவை முன்னின்று நடத்துவது, சாவீட்டுக்குச் செலவு கொடுப்பது எல்லாம் அவர் கையில். இன்றைக்கு மனிதவளப் பிரிவு என்று பெயர் வைத்து ஐந்தாறு பேரைப் போட்டுச் செய்ய முயல்கிற எல்லாவற்றையும் அந்த ஒருவர் செய்தார். ஆட்கள் ஒட்டித்தான் இருந்தார்கள். விட்டுப் போக முடியாததால் ஒட்டியிருந்தார்கள் என்பதுதான் விஷயம். கடல் கடந்து வந்த செலவு, வழியில் தின்ற சோறு, வாங்கிய துணி, எடுத்த அரிசி எல்லாம் கங்காணியின் கணக்கில் கடனாக ஏறின. அந்தக் கணக்கைப் பெரும்பாலான ஆட்கள் வாசிக்கமாட்டார்கள். வாசிக்கக் கூடியவருக்கும் காட்டப்படுவதில்லை. வேறு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால் இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடலாம் என்று எழுதிய துண்டு வேண்டும். தன்னுடைய ஆட்கள் எத்தனை பேர் அன்றைக்கு வேலைக்கு இறங்கினார்களோ அத்தனை பேருக்குத் தலைக்காசு கங்காணிக்குக் கிடைக்கும். காய்ச்சலோடு படுத்திருப்பவரைக் காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, எழுப்பிக்கொண்டு வருவதில் அவருக்கு லாபம் இருந்தது. துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் ஒழிந்தது. குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 1927இல் வந்தது. தோட்டத் தொழிலாளருக்கென்று கோ. நடேசய்யர் தொழிற்சங்கம் கட்டியது 1931இல்.

கரைவலையையும் கங்காணி முறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் உறவு உண்டு, பாட்டு உண்டு, கோயில் உண்டு, வெட்கம் உண்டு, முற்பணம்கூட உண்டு. ஆனால் மணலில் எல்லாருக்கும் முன்னால் பிரிந்த கணக்கு, தோட்டத்தில் ஒருவருடைய கொப்பிக்குள் மறைந்திருந்தது. மீன் படாத நாளின் நட்டம் சம்மாட்டியையும் தொட்டது; தோட்டத்திலோ ஆளுக்குக் கடன் கூடிய அதே நாளில் கங்காணிக்குத் தலைக்காசு வந்தது. ஈடுபாட்டுக்கும் அடிமைத்தனத்துக்கும் நடுவே இருக்கும் கோடு இந்த இடத்தில்தான் ஓடுகிறது என்பது என் முடிவு. முதலாளியுடைய மனம் நல்லதா கெட்டதா என்பதில் அது தங்கியிருக்கவில்லை. நல்ல கங்காணிகளும் இருந்திருப்பார்கள். முறை அவர்களை நல்லவர்களாக இருக்கவிடவில்லை.

கணக்கு கண்ணுக்குத் தெரிவது பற்றிய வாதத்துக்கு அண்மையில் கிடைத்த பலமான சான்று ஒடிசாவிலிருந்து வருகிறது. எமிலி பிரேசா, சுப்ரீத் கவுர், யோகிதா ஷம்தாசானி ஆகிய மூவர் 2018இல் வெளியிட்ட ஆய்வு அது. சிறு பொருட்கள் செய்யும் 378 தொழிலாளரைச் சிறு அணிகளாகப் பிரித்து ஒரு மாத காலம் வேலை கொடுத்தார்கள். சில அணிகளில் எல்லாருக்கும் ஒரே நாள்கூலி. சில அணிகளில் அவரவர் முன்பு காட்டிய திறமைக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக் கூலி. அதே தொகையை வாங்கும் இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய அணியில் எல்லாருக்கும் அதே தொகை. மற்றவருடைய அணியில் மற்ற இருவர் கூடுதலாக வாங்குகிறார்கள். இரண்டாமவருடைய வேலை குறைந்தது, வேலைக்கு வருவதும் குறைந்தது. வரவு வீழ்ந்தது 18 சதவீதப் புள்ளி. வராத நாளுக்குக் கூலி இல்லை என்று தெரிந்தும், அந்த அணியில் போய் உட்கார மனம் இல்லாமல் வீட்டில் இருந்தார்கள். ஆய்வின் முக்கிய இடம் இதற்கு அடுத்தது. கூடுதலாக வாங்குகிறவர் உண்மையிலேயே கூடுதலாகச் செய்கிறார் என்பதைப் பக்கத்தில் இருந்து தெளிவாகப் பார்க்க முடிந்த வேலைகளில் இந்தப் பாதிப்பைக் காணமுடியவில்லை. ஏற்றத்தாழ்வை மனிதர் பொறுத்துக்கொள்கிறார்கள். காரணம் தெரியாத ஏற்றத்தாழ்வைத்தான் பொறுப்பதில்லை. சம்பளத்தை வெளியே சொல்லாதே என்று நியமனக் கடிதத்திலேயே எழுதி வாங்குகிற நிறுவனங்கள் எதைக் காப்பாற்றுகிறோம் என்று நினைக்கின்றனவோ தெரியவில்லை.

கரைவலையை நான் சொர்க்கமாகக் காட்டுகிறேன் என்று இங்கே கடற்றொழில் தெரிந்தவர்கள் முணுமுணுக்கலாம். நியாயம்தான். சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கியவர் அடுத்த பருவத்துக்கும் அந்த வாடியிலேயே கட்டுப்பட்டு நிற்கிறார். வலை இழுக்கும் கரையின் உரிமை சில குடும்பங்களுக்குள் சுற்றுகிறது. பெண்கள் மீனைக் காயவைத்து விற்பதில் இருக்கிறார்கள், பங்கு பிரிக்கும் வட்டத்தில் இல்லை. தெற்கே தங்காலைக்குப் பக்கத்து மாவெல்ல என்ற கரைவலைக் கிராமத்தைப் பற்றி மானிடவியலாளர் போல் அலெக்சாண்டர் 1982இல் எழுதிய நூல், இன்னொரு பலவீனத்தையும் காட்டுகிறது. முறைவைத்து வலை போடும் வழக்கு அங்கே ஒழுங்காகவே இருந்தது. ஆனால் புதிதாக வலை சேர்ப்பதை யாரும் நிறுத்தவில்லை. வலைகள் பெருகப் பெருக ஒவ்வொருவருக்கும் முறை வருவது அருமையாகி, எல்லாருடைய பங்கும் சுருங்கிப்போனது. அரசியல் விஞ்ஞானி எலினோர் ஒஸ்ட்ரம் தன்னுடைய புகழ்பெற்ற 1990ஆம் ஆண்டு நூலில், பொதுவளத்தைப் பேணத் தவறிய இடங்களின் வரிசையில் மாவெல்லவை வைத்தார். ஆகவே பழைய வழக்கு என்பதற்காக எதையும் தொழுது தூக்கவேண்டியதில்லை. நான் கேட்பது அதன் ஒரு பகுதியை மட்டும்: எல்லாருக்கும் முன்னால் கணக்குத் தீர்ப்பது. முற்பணக் கட்டையும் ஆண் வட்டத்தையும் கரையிலேயே விட்டுவிடலாம்.

இதைவிடக் கனமான மறுப்பு அளவைப் பற்றியது. முப்பது பேர் கயிறு இழுக்கும் கரையில் நடப்பது ஆயிரம் பேர் வேலை செய்யும் கட்டடத்தில் நடக்குமா? கல்லோயாவின் அனுபவத்தை இதற்குப் பதிலாக வைக்கிறேன். கல்லோயா இடதுகரை, இலங்கையில் மிகவும் சீர்கெட்ட நீர்ப்பாசனத் திட்டம் என்று பெயர் எடுத்திருந்தது. வாய்க்கால்கள் தூர்ந்து, மதகுகள் உடைந்து, தலைப்பக்கத்தில் இருப்பவர் வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ள, கடைப்பக்கத்து வயல்கள் காய்ந்தன. தலைப்பக்கத்தில் பெரும்பாலும் சிங்களக் கமக்காரர், கடைப்பக்கத்தில் தமிழர். கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து 1981இல் பட்டதாரி இளைஞர்களை அங்கே அமைப்பாளர்களாக அனுப்பின. பெரிய சங்கம் அமைத்து, யாப்பு எழுதி, தலைவர் செயலாளர் தெரிந்து தொடங்குகிற வழக்கமான பாதையில் அவர்கள் போகவில்லை. ஒரு வயல் வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் பத்து இருபது பேரைக் கூட்டி, முதலில் வேலையைச் செய்யுங்கள், அமைப்பைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். குளத்தில் கால்பங்கு தண்ணீர்தான் இருந்த அந்தச் சிறுபோகத்தில் சிரமதானமாக வாய்க்கால்களைத் துப்புரவாக்கினார்கள். முறைவைத்துத் தண்ணீர் எடுத்தார்கள். தலைப்பக்கத்தார் மிச்சம் பிடித்துக் கீழே அனுப்பினார்கள். ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒரு பிரதிநிதியை வாக்கெடுப்பு இல்லாமல் எல்லாரும் ஒத்துக்கொண்டு தெரிந்தார்கள். அவருக்குச் சம்பளம் இல்லை. அந்தச் சின்ன வட்டங்களை ஒன்றோடு ஒன்று கோத்து மேலே போனபோதுதான் ஆயிரக்கணக்கான கமக்காரரைக் கொண்ட அமைப்பு உருவானது. இதில் நம்முடைய பேச்சுக்கு நேரடியாக வேண்டியது இன்னொன்று. நீர்ப்பாசன உத்தியோகத்தர்களும் மாறினார்கள். கமக்காரர் முன்னால் கூட்டத்துக்கு வந்து, எந்தத் தேதியில் எவ்வளவு தண்ணீர் திறப்போம் என்று சொல்லவேண்டிய நிலை வந்ததும், சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற கட்டாயம் அவர்களுக்கும் வந்தது. கோர்னெலின் நோர்மன் அப்ஹொஃப் 1992இல் எழுதிய நூலில் இந்தக் கதை விரிவாக இருக்கிறது. அதே ஒஸ்ட்ரம், கல்லோயாவை நிலைத்தது என்று சொல்லாமல் எளிதில் உடையக்கூடியது என்றுதான் வகைப்படுத்தினார் என்பதையும் மறைக்கக்கூடாது. ஆனால் கெட்டுப்போன இடம் என்று எல்லாரும் கைவிட்ட ஒன்று மீண்டது. தொழிற்சாலையில் ஆயிரம் பேர் இருக்கலாம்; ஒரு தையல் லைனில் இருப்பது இருபது முப்பது பேர்தான்.

பணத்தை வைத்தே வழக்கை உண்டாக்கலாமா? முடியாது என்பது மட்டுமில்லை, இருந்த வழக்கும் போய்விடும். இஸ்ரேலில் ஹைஃபா நகரத்துப் பத்துக் குழந்தைப் பராமரிப்பு நிலையங்களில் 1998இல் நடந்த பரிசோதனை இதற்குப் பிரபலமான சாட்சி. பிள்ளையைக் கூட்டிப்போகப் பிந்தி வரும் பெற்றோருக்குச் சில நிலையங்களில் தண்டம் விதித்தார்கள். பிந்தி வருபவர் தொகை குறையாமல் ஏறத்தாழ இரண்டு மடங்கானது. ஆசிரியை காத்திருக்கிறாரே என்ற கூச்சம் போய், காசு கட்டிவிட்டேன் என்ற நிம்மதி வந்துவிட்டது. தண்டத்தை எடுத்த பிறகும் பழைய கூச்சம் திரும்பவில்லை. சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையோரம் முழுவதும் வேலைக்குப் பணம் என்ற திட்டங்கள் ஓடின. வீடும் தொழிலும் இழந்தவருக்கு அந்தப் பணம் உயிர்த்தண்ணீர். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. ஆனால் தன் ஊர்க் கிணற்றைத் தானே இறைத்த இடங்களில், அதற்குப் பிறகு சிரமதானத்துக்கு ஆள் சேர்க்கப் பட்டபாட்டைக் கமக்கார, கடற்றொழில் சங்கங்களில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

இந்த வெளிச்சத்தில் ஆடைத் தொழிற்சாலைகளைப் பார்க்கலாம். கிழக்கில் ஊர் ஊராகப் பேருந்து அனுப்பிப் பெண் பிள்ளைகளை ஏற்றிப்போகிற தொழில் அது. சில பெரிய நிறுவனங்கள் அக்கறையோடு வேலை செய்கின்றன. எம்ஏஎஸ் நிறுவனம் 2003இல் பெண் ஊழியருக்கென்று தொடங்கிய முன்னேற்றத் திட்டம் உலக அளவில் பேசப்பட்டது. ஆனால் தொழில் முழுவதையும் எடுத்தால், லைனுக்கு மேலே தொங்கும் பலகையில் மணிக்கு மணி எழுதப்படுவது டார்கெட் எவ்வளவு, முடித்தது எவ்வளவு என்ற இரண்டு எண்கள்தான். பின்தங்கிய லைன் எது என்று கட்டடம் முழுவதற்கும் தெரியும். துணி பிந்தி வந்ததா, மெஷின் பழுதாகி அரை மணித்தியாலம் நின்றதா, அதற்குப் பொறுப்பானவர் யார் என்பது அந்தப் பலகையில் ஏறுவதில்லை. வெட்கம் கீழே மட்டும் ஓடுகிறது. வரவுக் கொடுப்பனவும் அப்படித்தான்: பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் நின்றால் மாதக் கொடுப்பனவில் பெரிய துண்டு போய்விடும், பேருந்து பிந்தியதால் கூலி குறைந்தால் பேருந்தை ஒழுங்கு செய்தவருக்கு எதுவும் குறைவதில்லை. தலைக்காசின் வாடை இதில் அடிக்கிறது என்று நான் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வாட்ஸ்அப் குழுவையும் இதே உரைகல்லில் உரசிப் பார்க்கலாம். இரவு பத்து மணிக்கு நாளைய டார்கெட் வருகிற குழுவில், சம்பளச் சீட்டில் ஏன் இவ்வளவு வெட்டு என்று ஒருவர் கேட்கலாமா? கேட்டால் பதில் அந்தக் குழுவிலேயே வருமா, அல்லது அடுத்த நாள் காலை மேலாளருடைய அறைக்கு அழைப்பு வருமா? அம்பாப் பாட்டில் சம்மாட்டியைக் குத்தலாம். இதில் முடியாதென்றால் இந்தக் கருவிக்கு ஊழியர் ஈடுபாடு என்று பெயர் வைப்பது வீண்.

முதலாளிமாருடைய பக்கத்திலிருந்து வரக்கூடிய கடைசி மறுப்பு பலமானது. எல்லாவற்றையும் வெளிச்சத்தில் வைத்தால் தொழிலாளர் ஒற்றுமைப்பட்டு வேலையை மெதுவாக்குவார்களே? ஆம், செய்வார்கள். பிரித்தானியப் பழப்பண்ணை ஒன்றில் ஒரியானா பண்டியேரா, இவான் பரன்கே, இம்ரான் ரசூல் ஆகியோர் செய்து 2005இல் வெளிவந்த ஆய்வு அதைத்தான் காட்டுகிறது. அன்றைய சராசரியோடு ஒப்பிட்டுக் கூலி கொடுத்த காலத்தில், ஒருவர் வேகமாகப் பறித்தால் மற்றவருடைய கூலி இறங்கும். அதனால் ஆட்கள் ஒருவருக்காக ஒருவர் கையை அடக்கினார்கள். அதுவும் ஒருவரை ஒருவர் பார்க்க முடிந்த பயிர்களில் மட்டும். பறித்த அளவுக்குக் கூலி என்று மாற்றியதும் சராசரி உற்பத்தி பாதிக்கு மேல் கூடியது. இதை வைத்துக்கொண்டு, ஆட்களைப் பிரித்து வையுங்கள் என்று ஒருவர் பாடம் படிக்கலாம். எனக்குத் தெரிவது வேறு. அடுத்தவருடைய வயிற்றில் அடித்து முன்னேறு என்று சொன்ன கணக்கை அந்த ஆட்கள் ஏற்கவில்லை. அந்த அநியாயம் நீங்கியதும் அதே ஆட்கள் அதே கையால் உழைத்தார்கள். ஹோதோர்ன் அறையில் விழுந்த தோள்குத்துக்கும் காரணம் இதுதான்: கூடுதல் உழைப்பின் பலன் யாருக்குப் போகும் என்ற பயம். வெளிச்சம் தொழிலாளருக்கு மறுக்கும் பலத்தைக் கொடுக்கிறது. அந்தப் பலம் இருக்கிற இடத்தில்தான் மேலே இருப்பவர் முறையாக நடப்பார். அதைக் கொடுக்கப் பயந்தால் பிறந்தநாள் கேக்கோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இன்றைக்கு இந்த வாதம் அதிகம் உரைத்துப் பார்க்கப்படப் போகும் இடம் மலையகம். நாட்சம்பளத்தை ஆயிரம் ரூபாயாக்க வருடக்கணக்கில் நடந்த போராட்டம் 2021 வர்த்தமானியோடு ஒரு கட்டத்துக்கு வந்தபோது, கம்பனிகள் முன்வைத்த மாற்று யோசனை வருமானப் பகிர்வு. தேயிலைச் செடிகளை ஒரு குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுத்து, அவர்கள் பறித்துத் தரும் கொழுந்துக்கு விலை கொடுப்பது. கேட்க நன்றாக இருக்கிறது. உழைப்பவர் தனக்காக உழைப்பார் என்கிறார்கள். தொழிற்சங்கங்கள் சந்தேகப்படுகின்றன. அந்தச் சந்தேகத்துக்கு நிறுவைத் தராசிலிருந்தே காரணம் இருக்கிறது: ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கிலோ கழிப்பதும், கழித்த மிச்சம் அளவுக்குக் கீழே போனால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுவதும் தோட்டத்தில் யாருக்கும் புதிதில்லை. பகிர்வு என்ற பெயர் மட்டும் அந்தத் தராசைத் திருத்தாது. ஆனால் திருத்தும் வழி நாட்டுக்குத் தெரியாததும் இல்லை. தென்பகுதியில் தனிக்காணியில் தேயிலை வளர்த்துத் தொழிற்சாலைக்குக் கொழுந்து கொடுக்கும் சிறு உடைமையாளருக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. அந்தத் தேயிலை கொழும்பு ஏலத்தில் விலைப்பட்ட தேறிய சராசரியில் நூற்றுக்கு 68 கொழுந்து கொடுத்தவருக்கு, 32 தொழிற்சாலைக்கு. மாதாமாதம் விலை அறிவிக்கப்படுகிறது. குறைத்துக் கொடுத்த தொழிற்சாலைமீது முறையிடத் தேயிலை ஆணையாளர் இருக்கிறார். தோட்டக் குடும்பத்துக்கு அதே 68, அதே மாத அறிவித்தல், அதே முறைப்பாட்டு வழி உண்டா என்று கம்பனிகளிடம் கேட்கவேண்டும். உண்டென்றால் அதை ஒப்பந்தத்தில் தமிழில் எழுதி, கொழுந்து நிறுக்கும் மடுவத்துச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள்.